இன்ஸ்டன்ட் காபி தயாரிக்கும் ரக மெஷின்... 11 மாத சிறை, ஓர் உயிரிழப்பு! - ஏற்றுமதி செய்வோர் அறிய வேண்டிய ஜப்பான் வழக்கு

இன்ஸ்டன்ட் காபித்தூள் எப்படித் தயாராகிறது தெரியுமா? காபி டிகாக்‌ஷனைப் பெரிய எவர்சில்வர் கூண்டுக்குள் பனித்துளிபோலப் பீய்ச்சி அடிப்பார்கள். உள்ளே அனல்காற்று சுழன்றுகொண்டிருக்கும். துளியில் இருக்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகிவிட, அடியில் பொடியாக வந்து விழும். பால்பவுடரும் இப்படித்தான். இந்த மெஷினுக்கு ஸ்ப்ரே ட்ரையர் என்று பெயர். மருந்து, மசாலா, செராமிக், பேட்டரிக்கான பொடி என்று பல தொழில்களில் இது அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த ரக மெஷினை வெளிநாட்டுக்கு விற்றதற்காக ஜப்பானில் மூன்று பேர் கைது செய்யப்பட்டார்கள். அதில் இருவர் 11 மாதம் உள்ளே இருந்தார்கள். மூன்றாமவர், அந்த நிறுவனத்தின் ஆலோசகர், வெளியே உயிரோடு வீடு திரும்பவே இல்லை. அவர்கள் மீது சொல்லப்பட்ட குற்றம்... அரசிடம் அனுமதி வாங்காமல், உயிரி ஆயுதம் தயாரிக்கப் பயன்படக்கூடிய கருவியை ஏற்றுமதி செய்தார்கள் என்பது.

கடைசியில் அந்தக் குற்றச்சாட்டே தப்பு என்றாகிவிட்டது. ஆனால், அதற்குள் நடந்தது நடந்து முடிந்துவிட்டது.

'ஜப்பான் கதை நமக்கெதற்கு?' என்று கேட்டால், இந்த வழக்கின் மையத்தில் இருக்கும் விதி இந்தியாவும் ஏற்றுக்கொண்டிருக்கும் ஒரு சர்வதேசப் பட்டியலிலிருந்து வந்தது. கோவையிலோ, அம்பத்தூரிலோ, ஓசூரிலோ பம்ப், வால்வு, மெஷின் பாகம், ரசாயனம் என்று செய்து கப்பலேற்றும் யாருக்கும் இது பக்கத்து வீட்டுச் சமாசாரம்தான்.

ஒரு வார்த்தையில் மாட்டிய வழக்கு

யோகோஹாமாவில் இருக்கும் ஓகாவாரா ககோகி என்ற நிறுவனம் ஸ்ப்ரே ட்ரையர் தயாரிப்பதில் ஜப்பானில் பெயர்பெற்றது. பெரிய கம்பெனி இல்லை. சுமார் 90 பேர் வேலை செய்யும் இடம். நம்ம ஊர் சிட்கோ எஸ்டேட்டில் இருக்கும் ஒரு நடுத்தர யூனிட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

2016-ல் இவர்கள் சீனாவுக்கு ஒரு ஸ்ப்ரே ட்ரையர் அனுப்பினார்கள். பிறகு தென்கொரியாவுக்கும் ஒன்று போனது. 'நம் மெஷின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வராது' என்பது நிறுவனத்தின் முடிவு. அதனால் லைசென்ஸ் வாங்கவில்லை.

2018 அக்டோபரில் டோக்கியோ போலீஸ் சோதனைக்கு வந்தது. அதன்பிறகு ஊழியர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார்கள். 2020 மார்ச்சில் நிறுவனத் தலைவர், முன்னாள் இயக்குநர், ஆலோசகர் என மூன்று பேரும் கைதானார்கள்.

எல்லா ஸ்ப்ரே ட்ரையருக்கும் தடை கிடையாது. சர்வதேசப் பட்டியல் மூன்று நிபந்தனைகள் சொல்கிறது. மூன்றும் சேர்ந்து பொருந்தினால்தான் லைசென்ஸ் வேண்டும். முதலாவது, மணிக்கு 0.4 கிலோவிலிருந்து 400 கிலோ வரை தண்ணீரை ஆவியாக்கும் திறன். இரண்டாவது, 10 மைக்ரான் அல்லது அதற்கும் சிறிய துகளாகப் பொடி செய்யும் திறன். அவ்வளவு சின்னத் துகள் மூச்சு வழியாக நுரையீரலுக்குள் போய்விடும் என்பதுதான் பயம். மூன்றாவது, மெஷினைப் பிரிக்காமலேயே, இருந்த இடத்திலேயே உள்ளே இருக்கும் கிருமிகளை அழித்துச் சுத்தம் செய்ய முடிய வேண்டும்.

இந்த மூன்றாவது ஏன்? கொஞ்சம் யோசித்தால் புரிந்துவிடும். கொடிய கிருமியைப் பொடியாக்குகிறவன், வேலை முடிந்ததும் மெஷினைத் திறந்தால் அவனே செத்துப்போவான். திறக்காமல் சுத்தம் செய்ய முடிந்தால்தான் அது ஆயுதம் தயாரிக்க உதவும். பால்பவுடர் மெஷினுக்கும் ஆயுத மெஷினுக்கும் நடுவில் கோடு போடுவது இந்த ஒரு நிபந்தனைதான்.

சர்வதேசப் பட்டியலில் இதற்கு விளக்கக் குறிப்பும் உண்டு. 'கிருமிநீக்கம்' என்றால் கிருமிகொல்லி ரசாயனத்தால் செய்வது என்ற அர்த்தத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது. ஆனால், 2013-ல் ஜப்பான் இதைத் தன் நாட்டு விதியாக எழுதியபோது, அந்த வார்த்தைக்கான வரையறை தெளிவாக இடம்பெறவில்லை. போலீஸ் அந்த இடைவெளிக்குள் புகுந்தது. 'மெஷினைக் காலியாக வைத்து ஹீட்டரை ஓட விட்டாலே உள்ளே சூடேறி சில கிருமிகள் செத்துவிடும். அதுவும் கிருமிநீக்கம்தான்' என்று தனக்கென ஒரு விளக்கத்தை உருவாக்கிக்கொண்டது. அந்த விளக்கத்தைக் கேட்டு வர்த்தக அமைச்சகமே முதலில் தயங்கியது.

தொழில் தெரிந்த ஊழியர்கள் விசாரணையிலேயே சொன்னார்கள். 'மெஷினுக்குள் எல்லா இடமும் ஒரே மாதிரி சூடாகாது. கருவி பொருத்தும் துளை மாதிரியான மூலைகளில் வெப்பம் ஏறாது. அங்கே கிருமி உயிரோடு இருக்கும்' என்று. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு நிறுவனமே மெஷினை ஓட்டி, வெப்பநிலையை அளந்து காட்டியது. அது உண்மை என்று தெரிந்தது.

இதற்கிடையில், உள்ளே இருந்த ஆலோசகருக்கு உடம்பு கெட்டது. 2020 அக்டோபரில் வயிற்றுப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். ஜாமீன் கேட்டு மனுமேல் மனு போட்டும் நிராகரிப்புதான். காவலை நிறுத்திவைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோது காலம் கடந்திருந்தது. 2021 பிப்ரவரி 7-ம் தேதி, 72 வயதில் அவர் இறந்தார். மற்ற இருவருக்கும் ஜாமீன் கிடைத்தது அதற்கு இரண்டு நாள் முன்பு. அந்த ஆண்டு ஜூலை இறுதியில், விசாரணை தொடங்கச் சில நாள்களே இருந்தபோது, அரசுத் தரப்பு வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டது. அவர் குற்றம் சாட்டப்பட்டவராகவே போய்ச் சேர்ந்திருந்தார்.

நிறுவனமும் அவர் குடும்பமும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டன. அதில்தான் பெரிய அதிர்ச்சி. 2023-ல், புலனாய்வுப் பிரிவில் இருந்த ஓர் அதிகாரியே கூண்டில் ஏறி, இது ஜோடிக்கப்பட்ட வழக்கு என்று சாட்சி சொன்னார். அந்த ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. 2025 மே மாதம் டோக்கியோ உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, தொகையைச் சுமார் 16.6 கோடி யென் ஆக்கியது. நம் மதிப்பில் ஒன்பது கோடி ரூபாய்க்கு மேல். இந்த முறை போலீஸும் அரசுத் தரப்பும் அப்பீல் போகவில்லை. மன்னிப்புக் கேட்டார்கள். ஆகஸ்ட்டில் உயரதிகாரிகள் அந்த ஆலோசகரின் கல்லறைக்கே போய்த் தலைவணங்கினார்கள். மன்னிக்க முடியவில்லை என்றுதான் அவர் மனைவி சொன்னார்.

ஜப்பானுக்கு ஏன் இவ்வளவு பயம்?

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் ஜப்பானில் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் தோஷிபா மெஷின் என்ற நிறுவனம், சோவியத் யூனியனுக்குக் கம்ப்யூட்டரால் இயங்கும் பிரமாண்டமான மில்லிங் மெஷின்களை விற்றது. அதற்கான கன்ட்ரோலரைக் கொடுத்தது நார்வேயின் கோங்ஸ்பெர்க் நிறுவனம். சாதாரண ரக மெஷின் என்று பேப்பரில் பொய் எழுதி லைசென்ஸ் வாங்கியிருந்தார்கள். உண்மையில், நீர்மூழ்கிக் கப்பலின் புரொப்பல்லரைத் துல்லியமாகக் கடைந்தெடுக்கக்கூடிய மெஷின் அது. புரொப்பல்லர் துல்லியமாக இருந்தால் சத்தம் குறையும். சத்தம் குறைந்தால் எதிரியின் காதுக்குக் கேட்காது.

1987-ல் விஷயம் வெளியே வந்ததும் அமெரிக்கா கொதித்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் நின்று, தோஷிபா ரேடியோவைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் பரவியது. தவறு செய்தது துணை நிறுவனம் என்றாலும், தாய் நிறுவனமான தோஷிபாவின் சேர்மனும் பிரசிடென்ட்டும் பதவி விலக வேண்டிவந்தது. ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்றாலே ஜப்பான் நிறுவனங்கள் பதறும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

தோஷிபாவில், மெஷின் என்ன செய்யும் என்று தெரிந்தே மறைத்தார்கள். ஓகாவாராவில், மெஷின் என்ன செய்யாது என்று சொல்லியும் கேட்கவில்லை. இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான். 'நீங்கள் நல்லவரா, கெட்டவரா' என்று இந்தச் சட்டம் முதலில் கேட்பதில்லை. 'உங்கள் பொருளால் என்னென்ன செய்ய முடியும்' என்றுதான் கேட்கிறது. நம்ம ஊர் தொழில்முனைவோர் பலருக்கு இந்த இடம்தான் பிடிபடுவதில்லை. 'நாங்கள் விவசாயத்துக்குத்தானே விற்கிறோம்', 'வாங்குறது மருந்து கம்பெனிதானே' என்பார்கள். அது இரண்டாவது கேள்வி.

நம்ம ஊரில் 'ஸ்கோமெட்'

இந்தியாவில் இந்தப் பட்டியலுக்கு ஸ்கோமெட் என்று பெயர். சிறப்பு ரசாயனங்கள், உயிரினங்கள், பொருள்கள், கருவிகள், தொழில்நுட்பங்கள் என்பதன் ஆங்கில முதல் எழுத்துகள் அவை. பூஜ்ஜியத்திலிருந்து எட்டு வரை எண்ணிட்ட பிரிவுகள். அணுசக்தி சம்பந்தப்பட்ட பூஜ்ஜியம் பிரிவுக்கு அணுசக்தித் துறையிடமும், போர்த்தளவாடங்கள் இருக்கும் ஆறாம் பிரிவுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்திடமும் போக வேண்டும். மற்றவற்றுக்கு டி.ஜி.எஃப்.டி எனப்படும் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம். ஏற்றுமதிக்கான ஐ.இ.சி நம்பர் வாங்கினீர்களே, அதே அலுவலகம்தான்.

ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பில் 2016-லும், வாஸனார் ஒப்பந்தத்தில் 2017-லும், ஆஸ்திரேலியா குழுவில் 2018 ஜனவரியிலும் இந்தியா சேர்ந்தது. ஸ்ப்ரே ட்ரையர் நிபந்தனைகள் இந்த ஆஸ்திரேலியா குழுவின் பட்டியலில்தான் இருக்கின்றன. ஈரான்-ஈராக் போரில் ரசாயன ஆயுதம் வீசப்பட்ட பிறகு, 'இதற்கான மூலப்பொருள் நம் நாட்டுக் கம்பெனிகளிடமிருந்தே போயிருக்கிறதே' என்று விழித்துக்கொண்ட நாடுகள் 1985-ல் கூடி ஆரம்பித்த குழு அது.

பட்டியலைத் திறந்து பார்த்தேன். தலை சுற்றும். ஆனால், உள்ளே இருக்கும் பெயர்கள் நாம் நினைப்பதுபோல ராக்கெட், குண்டு மட்டும் இல்லை. அழகுசாதனப் பொருள்களில் சேர்க்கும் ட்ரைஎத்தனாலமைன் இருக்கிறது. மை தயாரிப்பில் உதவும் தையோடைகிளைகால் இருக்கிறது. இரண்டுமே மஸ்டர்டு வாயு வகை நச்சுக்கு மூலப்பொருளாகக்கூடியவை. பேட்மின்டன் ராக்கெட்டில் இருக்கும் கார்பன் ஃபைபரின் உயர்ரகங்கள் ஏவுகணைக்கும் போகும்.

பம்ப்பை எடுத்துக்கொள்வோம், கோவைக்காரர்களுக்காக. கிணற்றுக்குப் போகும் வார்ப்பிரும்பு மோட்டார் பம்ப்புக்கு இங்கே வேலையே இல்லை. ஆனால், அதே ஊரில் ரசாயன ஆலைகளுக்காகக் கசிவில்லாத பம்ப் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியா குழுவின் விதிப்படி, மணிக்கு 0.6 கன மீட்டருக்கு மேல் தள்ளும் சீல்-லெஸ் பம்ப் அல்லது பல சீல் கொண்ட பம்ப், அதில் திரவம் படுகிற எல்லா பாகமும் ஃப்ளூரோபாலிமர், டைட்டானியம், டான்டலம், கண்ணாடிப் பூச்சு, நிக்கல்-குரோமியம் அதிகமுள்ள உலோகக்கலவை போன்ற அரிக்காத பொருளாக இருந்தால், அது கட்டுப்பாட்டுக்குள் வரும். 0.6 கன மீட்டர் என்பது 600 லிட்டர். அதாவது, அளவு இங்கே தப்பிக்க விடாது. உள்ளே என்ன மெட்டீரியல் என்பதுதான் தீர்மானிக்கும். 'திரவம் படுகிற எல்லா பாகமும்' என்ற சொற்களைக் கவனியுங்கள். ஜப்பானில் 'கிருமிநீக்கம்' எப்படியோ, இங்கே இது அப்படி.

பலர் செய்கிற தவறு, ஹெச்.எஸ் கோடை மட்டும் பார்ப்பது. பம்ப்புக்கு ஹெச்.எஸ் கோடு ஒன்றுதான். கிணற்று பம்ப்பும் ரசாயன பம்ப்பும் அதற்குள் அருகருகே இருக்கும். அது சுங்கவரிக்கான எண். ஸ்கோமெட்டில் வருமா, வராதா என்பதைப் பொருளின் டெக்னிக்கல் விவரத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். ஷிப்பிங் ஏஜென்ட்டால் அதைச் சொல்ல முடியாது. டிசைன் செய்த இன்ஜினீயரால்தான் முடியும். ஏற்றுமதி பேப்பர் வேலை அக்கவுன்ட்ஸ் டேபிளோடு முடிந்துவிடுகிற கம்பெனிகளில் இதனால்தான் சிக்கல் வருகிறது.

பொருள் பட்டியலில் வந்தால் என்ன செய்வது? பதற வேண்டாம். வருவதாலேயே தடை என்று அர்த்தமில்லை. டி.ஜி.எஃப்.டி இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வாங்குபவரிடமிருந்து, 'இன்ன வேலைக்கு, இன்ன இடத்தில், நான்தான் பயன்படுத்துவேன். பேரழிவு ஆயுதத்துக்குப் பயன்படுத்த மாட்டேன். வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டேன்' என்று எழுதி வாங்கும் எண்ட் யூசர் சான்றிதழ் முக்கியம். விண்ணப்பம் டெல்லியில் பல அமைச்சகங்கள் சேர்ந்த ஒரு குழுவின் முன்னால் போகும். நேரம் பிடிக்கும். அதனால், ஆர்டர் எடுக்கும்போதே டெலிவரி தேதியில் அதற்கு இடம் விட்டுப் பேசுவதுதான் நல்லது.

மீறினால்? 1992-ம் ஆண்டின் வெளிநாட்டு வணிகச் சட்டப்படி, பொருளின் மதிப்பில் ஐந்து மடங்கு வரை அபராதம் போடலாம். ஐ.இ.சி-யையே முடக்கலாம். விஷயம் பேரழிவு ஆயுதத்தைத் தொட்டால் 2005-ம் ஆண்டுச் சட்டம் வரும். அதில் சிறை உண்டு.

வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் ஏற்றுமதிதான்

கப்பலில் பெட்டி ஏறினால்தான் ஏற்றுமதி என்று நினைக்காதீர்கள். பட்டியலில் உள்ள தொழில்நுட்பத்தின் டிராயிங்கை இமெயிலில் அனுப்பினாலும் அது ஏற்றுமதி. சாஃப்ட்வேர் ஃபைலைப் பகிர்ந்தாலும் அதே கதைதான். நம்ம ஊரில் கொட்டேஷனிலிருந்து டிராயிங் வரை எல்லாமே வாட்ஸ்அப்பில் பறக்கிற காலம் இது. டிசைன் டீமில் இருக்கும் 23 வயதுப் பையனுக்கு, 'வெளிநாட்டு கஸ்டமர் கேட்டார், அனுப்பிட்டேன் சார்' என்பது ரொம்ப சாதாரண விஷயம். அவனுக்கு இதை யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

பட்டியலிலேயே இல்லாத பொருளுக்கும் ஒரு வலை இருக்கிறது. அது ஆயுதத்துக்குப் போகப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்தாலோ, அரசு உங்களை எச்சரித்தாலோ, அனுமதி இல்லாமல் அனுப்பக் கூடாது. எப்படித் தெரியும் என்று கேட்கலாம். சில விஷயங்கள் கண்ணில் படும். லட்சக்கணக்கில் மெஷின் வாங்குபவர், 'இன்ஸ்டாலேஷன் வேண்டாம், டிரெய்னிங் வேண்டாம்' என்பார். டெலிவரி முகவரி ஒரு கூரியர் கிடங்காக இருக்கும். பேக்கரி கம்பெனி என்று சொல்லிக்கொண்டு லேசர் கருவி கேட்பார். பேரம் பேசாமல் கேட்ட விலையை முன்பணமாகவே போட்டுவிடுவார். பேரம் பேசாத கஸ்டமரைப் பார்த்தால் நமக்குச் சந்தோஷம்தான் வரும். ஏற்றுமதியில் மட்டும் அங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

நம் சட்டத்தைச் சரியாகக் கடைப்பிடித்தாலும் போதாத நேரமும் உண்டு. 2024 அக்டோபர் 30-ம் தேதி, ரஷ்யாவின் போருக்கு உதவும் பொருள்களை அனுப்பியதாகச் சொல்லி அமெரிக்கா சுமார் 400 நிறுவனங்கள், நபர்கள் மீது தடை போட்டது. அதில் 19 இந்திய நிறுவனங்கள். இந்தியச் சட்டத்தை இவர்கள் மீறவில்லை என்பது நம் வெளியுறவு அமைச்சகத்தின் நிலைப்பாடு. அது சரியாகவே இருக்கட்டும். ஆனால், அமெரிக்கத் தடைப் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் டாலரில் பணம் வாங்குவதே பெரும்பாடு. வங்கிகள் ஒதுங்கிக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. உங்கள் மெஷினுக்குள் அமெரிக்கத் தயாரிப்பு சிப்போ கன்ட்ரோலரோ இருந்தால், அதை மூன்றாவது நாட்டுக்கு விற்கும்போது அமெரிக்க விதியும் கூடவே வரும் வாய்ப்பு இருக்கிறது. இதில் நியாயம் இருக்கிறதா என்று கேட்டால், எனக்குமே சந்தேகம்தான். ஒரு நாட்டின் சட்டம் இன்னொரு நாட்டின் சின்ன ஷெட் வரைக்கும் வருவது வலியவன் வகுத்த வழிதான். இருந்தாலும், வங்கிக் கணக்கு முடங்கும்போது அந்த வாதம் கைகொடுக்காது.

ஓகாவாராவுக்குத் திரும்ப வருவோம். அவர்களைக் கடைசியில் காப்பாற்றியது எது? வெப்பநிலை அளவுகள்தான். எந்த மூலையில் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற எண்கள். ஆனால், வழக்கு வந்த பிறகு, ஆள்கள் சிறைக்குள் இருக்கும்போது எடுத்த எண்கள் அவை. இது அவர்கள் தவறு இல்லை. யாருமே தன் மெஷின் எதைச் செய்யாது என்று சோதித்துப் பார்த்து எழுதி வைப்பதில்லை.

நம்மால் முடியும். 'இந்த மாடல் ஸ்கோமெட்டில் இந்த வரியில் சொல்லியிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். இந்த அளவு இவ்வளவு, இந்த மெட்டீரியல் இது, அதனால் வராது என்று முடிவு செய்தோம்' என ஒரு பக்கம் எழுதி, இன்ஜினீயர் கையெழுத்துப் போட்டு, தேதியோடு ஃபைலில் வைக்க அரை நாள் போதும். பட்டியலை அரசு அவ்வப்போது திருத்துகிறது என்பதால், புது ஆர்டரின்போது ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று குழப்பமாக இருந்தால், கப்பல் ஏறுவதற்கு முன்பே டி.ஜி.எஃப்.டி-யிடம் எழுத்தில் கேளுங்கள். சென்னை, கோவை, மதுரையில் அவர்களின் மண்டல அலுவலகங்கள் இருக்கின்றன. ஸ்கோமெட் லைசென்ஸை முடிவு செய்வது டெல்லி என்றாலும், விண்ணப்ப நடைமுறை பற்றிய சந்தேகங்களை இங்கே கேட்கலாம். போனில் கேட்டு, 'சார் வராதுன்னு சொன்னார்' என்று நம்பி அனுப்பாதீர்கள். பதில் பேப்பரில் இருக்கட்டும்.